பன்னிரண்டு மணிக்கு மேல் பேசிய பேச்சு

வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். அடங்கல் எழுதுவது எப்படி, புலப்படம் பார்ப்பது எப்படி என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது, என்னைவிட ஒழுங்காகவும் செய்கிறது. நான் எழுத நினைப்பது ஒரே ஒரு வழக்கைப் பற்றி. அதில் நான் பொய் சொல்லவில்லை, கை நீட்டவில்லை, யாருக்கும் பயந்து வளையவும் இல்லை. உண்மையைத்தான் பேசினேன். அப்படிப் பேசியதால் ஒரு மனிதருக்கு ஆறு மா நிலம் கையைவிட்டுப் போயிற்று. ஆறு மா என்றால் உங்கள் கணக்கில் இரண்டு ஏக்கர்.

கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். உழுகிறவர்களுக்காகச் சட்டம் மேல் சட்டம் வந்துகொண்டிருந்தது. குத்தகைதாரர்களின் பெயர்களைப் பதிவு செய்யும் வேலையும் நடந்தது. மிராசுதார்களுக்கு வயிற்றெரிச்சல், குத்தகைக்காரர்களுக்குப் பாதி நம்பிக்கை, பாதி பயம். செங்கொடிக்காரர்கள் ஒரு பக்கம், கரை வேட்டிக்காரர்கள் ஒரு பக்கம். நடுவில் நாங்கள். காவிரிக் கரையில் சில ஊர்கள் அடங்கிய ஒரு பிர்க்காவுக்கு நான் ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர். மற்ற ஊர்களில் அறுவடை என்றால் சந்தோஷம். எங்களுக்கு அறுவடை என்றால் அடிதடி.

ஒரு தை மாதம், சம்பா அறுவடை. உள்ளூர் ஆட்களுக்கும், வெளியூரிலிருந்து கூட்டி வரப்பட்ட ஆட்களுக்கும் வயலிலேயே மோதல். போலீஸ் வரும்வரை பேசிக்கொண்டிருப்போம் என்று நான் நடுவே போய் நின்றேன். கையில் ஆயுதம் என்று சொன்னால் ஒரு குடை. பேச்சு பாதியில் இருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு தடி இறங்கியது. யார் ஓங்கியது என்று இன்றுவரை தெரியாது. எனக்காக ஓங்கியதல்ல என்று மட்டும் தெரியும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன், என் மனைவி சரோஜா பக்கத்தில் உட்கார்ந்து அழாமல் இருப்பதற்காக முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூளையில் அடிபட்டிருக்கிறது, ஆனாலும் பிழைத்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். பல வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது, “முடி வளந்துட்டா தழும்புகூடத் தெரியாது சார்” என்றார். அந்த விஷயத்தில் அவர் சொன்னது அப்படியே பலித்தது. ஒன்றுமே வெளியில் தெரியவில்லை.

உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். தூங்கி எழுந்தாலும் தீராத ஓர் அசதி வந்து உட்கார்ந்துகொண்டது. இரவெல்லாம் நெல் மூட்டை தூக்கியவன்போலத் தோளும் தொடையும் வலிக்கும். விடியற்காலையில் ஓரளவு தெம்பு இருக்கும். பத்து மணிக்குக் குறைய ஆரம்பிக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் படித்த வரியையே மறுபடி படிப்பேன், தெரிந்தவர் பெயர் வராது, சத்தம் காதைக் குத்தும். ஒரு நாள் தம் பிடித்து முழு வேலை செய்துவிட்டால், அடுத்து வரும் இரண்டு மூன்று நாட்களை உடம்பு பிடுங்கிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. அசதி உச்சிக்கு ஏறிவிட்டால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது. சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும், கோபத்தின் பின்னாலேயே அழுகை வரும். “சாயங்காலம் வீட்டுக்கு வர்றது உங்க சட்டை மட்டும்தாங்க. ஆள எங்க விட்டுட்டு வர்றீங்க?” என்று சரோஜா கேட்பாள்.

இதை ஆபீசில் நான் சொல்லவில்லை. சொன்னால் மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள், தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் எனக்கு நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். விடிவதற்குமுன் எழுந்து எழுத்து வேலையை முடிப்பேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பின்னறைக்குள் போய், பழைய ரிக்கார்டுக் கட்டுகளை வரிசையாகப் போட்டு அவற்றின் மேல் படுத்துக்கொள்வேன். நூறு வருடத்து நில வழக்குகளின் மேல் படுத்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முக்கியமாக, பன்னிரண்டு மணிக்கு மேல் முக்கியமான எதையும் பேசுவதில்லை என்று வைத்திருந்தேன்.

ஆபீசில் எனக்கு ‘அரை நாள் ஆர்.ஐ.’ என்று பெயர். சாயங்காலம் என் கண் சொருகியிருப்பதைப் பார்த்துவிட்டுக் குடிக்கிறான் என்றும் பேசினார்கள். சாராயக் கடைகளை அப்போதுதான் திறந்திருந்தார்கள், அதனால் பேசுகிறவர்களுக்கும் வசதியாகப் போயிற்று. பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். குடிகாரன் என்றால் வேலை போகாது, நோயாளி என்றால் போகும்.

எங்கள் தாசில்தார் கண்டிப்பானவர், ஆனால் வேலை கற்றுக்கொடுப்பதில் கஞ்சத்தனம் கிடையாது. ஸ்தல விசாரணைக்குப் போகிறவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றே ஒன்று. “போய்ப் பாரு. பாத்ததை எழுது. உனக்குத் தெரிஞ்சதை எழுதாத. தெரிஞ்சதை எழுதறதுக்கு உன்னை அங்க அனுப்ப வேண்டியதில்ல, இங்கயே உக்காந்து எழுதலாம்.” இதை அவர் சொன்னபோது நாங்கள் சிரித்திருக்கிறோம்.

இனி வழக்கு. கோவிந்தராசு என்பவர் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தார். அவருடைய அப்பா காலத்துக் குத்தகை அது. அப்பா இறந்துவிட்டார். கோவிந்தராசுவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, தாயார் மட்டும் கூட இருந்தார். தாயாருக்குக் கண் பார்வை மங்கல், வயல் வேலை முடியாது. நிலத்துக்காரரான மிராசுதார் கோவிந்தராசுவை வெளியேற்ற மனு போட்டிருந்தார். சட்டத்தில் ஒரு வார்த்தை உண்டு: குத்தகைதாரர் என்றால் அவரோ அவர் குடும்பத்தாரோ சொந்த உடல் உழைப்பைப் போட வேண்டும். இந்த ஆள் உடம்பை வளைப்பதே இல்லை, மரத்தடியில் தூங்கிக்கொண்டு ஆள் வைத்துப் பயிர் செய்கிறான், எனவே இவன் குத்தகைதாரனே இல்லை என்பது மிராசுதார் தரப்பு. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மோர் கொடுத்து உபசரித்தார், மரியாதையாகப் பேசினார். தான் சொல்வதை அவர் முழுக்க நம்பினார் என்பதுதான் சங்கடம்.

முதல் தடவை நாங்கள் போனது, அதிகாரிகள் வழக்கமாகப் போகிற நேரத்தில். இட்லி சாப்பிட்டு, ஆபீசில் கையெழுத்துப் போட்டு, ஜீப்புக்குப் பெட்ரோல் போட்டுப் போய்ச் சேர மணி பதினொன்றரை ஆகிவிட்டது. கூட கிராம முன்சீப். அக்கம்பக்கத்து வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. கோவிந்தராசு வாய்க்கால் கரையில் நாவல் மரத்தடியில் படுத்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், கட்டுமஸ்தான உடம்பு.

“பாருங்க சார், ஊரே சேத்துல நிக்குது, மகராசன் தூங்குறாரு” என்றார் முன்சீப்.

ஜீப் சத்தம் கேட்டு அவருடைய தாயார் தடவித் தடவி ஓடி வந்தார். “எந்திரிடா! அதிகாரிங்க வந்திருக்காங்கடா. இப்படி ஒரு சோம்பேறியப் பெத்தேனே, என் வயிறு எரியுதே” என்று எங்கள் முன்னாலேயே அவரை ஏசினார். அதைவிட மிராசுதாருக்கு வேறு சாட்சி வேண்டுமா?

அவர் எழுந்ததை நான் கவனித்தேன். முதலில் ஒருக்களித்தார். ஒரு கையைத் தரையில் ஊன்றினார். உடனே எழவில்லை, மூச்சை இழுத்துக் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு மரத்தைப் பிடித்து எழுந்து, பிடித்த கையை விடாமல் நின்றார். முனகவில்லை, நெற்றியைத் தடவவில்லை. நடிக்கிறவன் முனகியிருப்பான். அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியும். தினமும் மத்தியானம் ரிக்கார்டுக் கட்டுகளின் மேலிருந்து நான் அப்படித்தான் எழுகிறேன்.

“உனக்கு எப்பவாவது தலையில அடிபட்டிருக்கா?” என்று கேட்டேன். அந்தக் காலத்தில் அதிகாரிகள் உழுகிறவர்களை ஒருமையில்தான் பேசுவோம்.

“ஆமாங்கய்யா. ரெண்டு வருசம் முந்தி, களத்துத் தகராறுல. அதுலேர்ந்துதாங்க இப்படி.”

“வேலைக்கு எப்ப வர்ற?”

“கோழி கூவயில வந்துடுவேங்க. வெயில் ஏறுனா முடியலீங்க.”

முன்சீப் சத்தமாகச் சிரித்தார். கோழி கூவும்போது யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் சிரிப்பின் அர்த்தம். நான் அறிக்கையைப் பிறகு எழுதுவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் இருட்டு பிரிவதற்குமுன் சைக்கிளில் போனேன். அந்த சைக்கிள் பயணத்துக்காக எத்தனை நாள் படுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் போனேன். நாற்றங்காலில் முழங்கால் தண்ணீரில் அவர் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். நாற்றை வேரோடு பறித்து, காலில் தட்டிச் சேறு போக்கி, நாற்று முடிகளாகக் கட்டிப் போடுகிற வேகம் நல்ல ஆளின் வேகம். பொழுது விடியும்போது கரையில் முடிகள் குவிந்திருந்தன. பிறகு வேகம் குறைந்தது. ஒரு முடியைக் கட்ட இரண்டு தடவை முயன்றார், முடிச்சு விழவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கரையேறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இதோட இன்னைக்குக் கணக்கு முடிஞ்சுதுங்க” என்றார்.

“இன்னும் கொஞ்சம் செஞ்சா என்ன ஆகும்?”

“நாளைக்கு வர முடியாதுங்க. போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வேலை எதுவும் செய்யல, சும்மா பந்தல்ல உக்காந்திருந்தேன். மேளச் சத்தம், ஜனம். வந்து மூணு நாளு படுக்கை. எங்கம்மா நம்ப மாட்டேங்குது. உக்காந்து சாப்பிட்டவனுக்கு உடம்பு வலியான்னு கேக்குது.”

“படுத்து எந்திரிச்சா தீருதா?”

“குறையுதுங்க. தீர மாட்டேங்குது.” சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்களுக்கு எப்படிங்க இதைக் கேக்கணும்னு தோணுச்சு?”

“நீங்க படுங்க, நான் கிளம்பறேன்” என்றேன். ‘நீங்க’ என்று வந்தது எனக்கே பிறகுதான் உறைத்தது.

பார்த்ததை அப்படியே எழுதினேன். விடியற்காலை நேரில் போனேன், மனுதாரர் குறிப்பிடும் நபர் தம் கைப்படக் கடுமையாக உழைத்ததைக் கண்டேன். அவ்வளவுதான். தாசில்தார் படித்துப் பார்த்து, “இது போதும்யா. இதுக்கு மேல ஒரு எழுத்து வேண்டாம்” என்றார்.

விசாரணை நாள் வந்தது. காலை பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். விசாரணை அதிகாரிக்கு வேறு ஏதோ கூட்டம். நாங்கள் வராந்தாவில் காத்திருந்தோம், உட்கார ஒரு பெஞ்சுதான். கோவிந்தராசு சுவரில் சாய்ந்து நின்றார், தாயார் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பதினொன்றரைக்கே தோள் இறங்கிவிட்டது. எங்கள் வழக்கைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

மிராசுதாரின் வக்கீல் நன்றாகப் பேசக்கூடியவர். என்னைக் கேட்டார். “அவரு எவ்வளவு நேரம் வேலை செஞ்சதைப் பாத்தீங்க?”

“விடியறதுக்கு முன்னாலேர்ந்து வெயில் ஏறுற வரைக்கும்.”

“அப்புறம்?”

“படுத்துட்டாரு.”

“அப்ப, மிச்ச நாளெல்லாம் படுக்கைதான்?”

விசாரணை அதிகாரி குறுக்கிட்டார். “போதும் வக்கீல் சார். காலையில செஞ்சா உழைப்பு இல்லையா? இத்தனை மணி நேரம்னு சட்டத்துல இல்ல. நாத்துப் பறிக்கிறதை ஆர்.ஐ. நேர்ல பாத்திருக்காரு. நடவுக்கு ஆள் வைக்காதவங்க இந்த ஜில்லாவுல யாரு இருக்கா?”

வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். வக்கீல் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, யாரிடமும் என்றில்லாமல், “இந்த மாதிரி சோம்பேறிங்களுக்குச் சட்டம் போட்டா நாடு வெளங்கிடும்” என்றார். கோவிந்தராசு தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்திலிருந்த தாயார், “அது எங்க தலையெழுத்துங்க” என்றார்.

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை. காலை நேரமாக இருந்திருந்தால் எழுந்திருக்கவே மாட்டேன்.

“சோம்பேறின்னு சொல்லாதீங்க சார்” என்றேன். “அது சோம்பல் இல்ல. எனக்கும் அப்படித்தான் இருக்கு. எனக்கும் தலையில அடி. பன்னெண்டு மணிக்கு மேல எனக்கு எழுத்து புரியாது, பேரு வராது, உடம்பு முழுக்க வலி. தினமும் ரிக்கார்டு ரூம்ல ஒளிஞ்சு படுத்துக்கிறேன். குடிக்கிறேன்னு சொல்றாங்க. நான் குடிக்கல சார்.” அத்தனை பேர் முன்னால் அழுதேன். வெட்கமாக இல்லை. வருடக்கணக்கில் இறுக்கிக் கட்டியிருந்ததை அவிழ்த்தது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வக்கீல் அடுக்கிய காகிதங்களை மறுபடி பிரித்தார். குரலை உயர்த்தவில்லை, வருத்தப்படுகிறவர்போலவே பேசினார். “ஆர்.ஐ. சாரை நெனச்சா எனக்குப் பாவமா இருக்கு. ஆனா அவரே சொல்றாரு, மூளையில அடி, எழுத்து புரியாது, பேரு வராதுன்னு. கூட யாரையும் கூட்டிக்கிட்டுப் போகாம, இருட்டுல தனியா போய்ப் பாத்ததா ஒரு அறிக்கை. அதுவும் தன்னை மாதிரியே ஒருத்தருக்காக. இவரு சாட்சியா, இல்ல கட்சிக்காரரா? வேற ஒருத்தரை அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க. அதைத்தான் கேக்கறேன்.”

விசாரணை அதிகாரி பேனாவை எடுத்தார். அவருக்கு வேறு வழி இல்லை. என் அறிக்கையைத் தள்ளி வைத்தார், புதிதாக ஸ்தல விசாரணை செய்ய உத்தரவிட்டார்.

புதிதாகப் போனவர் நேர்மையான பையன். இட்லி சாப்பிட்டு, கையெழுத்துப் போட்டு, ஜீப்பில் ஏறிப் பதினொன்றரைக்குப் போனார். நாவல் மரத்தடியில் ஒருவர் படுத்திருந்ததைப் பார்த்தார். பார்த்ததை எழுதினார். அறுவடைக்குமுன் தீர்ப்பு வந்துவிட்டது, நிலம் மிராசுதாரிடம் போய்விட்டது.

நான் கோவிந்தராசுவின் வீட்டுக்குப் போய் அப்பீல் செய்யச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “அப்பீலுன்னா மறுபடி அந்த வராந்தாவுல நிக்கணுமாங்க?” என்று மட்டும் கேட்டார். நிற்க வேண்டும். மாதக்கணக்கில், பகலெல்லாம் நிற்க வேண்டும். நிற்க முடியாததால் நிலத்தை இழந்தவர், அதைத் திரும்பப் பெறுவதற்கும் நிற்கத்தான் வேண்டும்.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எனக்கு நல்லது நடந்தது. நான் பயந்த மருத்துவக் குழு வரவே இல்லை. விஷயம் மேலே போய், இவர் வெளி வேலைக்கு லாயக்கில்லை என்று வேறோர் ஊரில் ரிக்கார்டு அறைப் பொறுப்பைக் கொடுத்தார்கள். நாற்காலி, மின்விசிறி, மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க அனுமதி. ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தேன். வலி போகவில்லை, ஆனாலும் வண்டி ஓடிற்று. பிள்ளைகள் படித்து முடித்தார்கள். அவர் நிலம் போன அதே பேச்சில்தான் எனக்கு நாற்காலி வந்தது. இதை நினைக்காமல் அந்த அறைக் கதவை நான் ஒரு நாளும் சாத்தியதில்லை.

மாற்றலாகிப் போகும்போது தாசில்தாரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். “உண்மையத்தான் சொன்னேன் சார்” என்றேன்.

“உண்மைதான்யா. யார் நிலத்துல நின்னுக்கிட்டு சொன்ன?” என்றார்.

இத்தனை வருடம் கழித்தும் அன்று நான் பேசியதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருத்தம் என்று சொல்வேன், தீராத வருத்தம். என் நோயை நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் ஆபீஸ். சொல்லியிருக்க வேண்டிய நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம். அப்போது சொல்லியிருந்தால் நஷ்டமோ லாபமோ எனக்கு மட்டும்தான். பூட்டி வைத்ததால், அது தனக்குப் பிடித்த நேரத்தில், இன்னொருவர் வழக்கில் வெளியே வந்தது. உங்களில் யாருக்காவது உடம்பிலோ மனதிலோ இப்படி ஒன்று இருந்தால், தயவுசெய்து, அது யாருடைய வழக்கும் நடக்காத ஒரு சாதாரண நாளில் வெளியே வரட்டும். ஸ்தல விசாரணைக்குப் போகும்போது, உங்களுக்குச் சௌகரியமான நேரத்தில் போகாதீர்கள். அந்த மனிதர் எப்போது வேலை செய்கிறாரோ அப்போது போங்கள். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். ஒருவர் படுத்திருப்பதைப் பார்த்தால், எழுந்திருக்கும்வரை காத்திருந்து, எப்படி எழுகிறார் என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுப் பாபநாசத்தில் பஸ்ஸுக்காக நின்றேன். மத்தியானம். வழக்கம்போல் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். எதிரே சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து ஒருவர், “ஆர்.ஐ. அய்யா” என்று கூப்பிட்டார். தலை நரைத்திருந்தது. கோவிந்தராசு. சைக்கிள்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. காலையிலும் சாயங்காலமும்தான் ஜனம், நடுவில் படுத்துக்கொள்ளலாம் என்றார்.

தாயாரைப் பற்றி விசாரித்தேன். “போய்ச் சேந்துட்டாங்க” என்றார். “அன்னைக்கு நீங்க எந்திரிச்சுப் பேசினீங்கள்ல, அதுலேர்ந்து எங்கம்மா என்னைய ஒரு வார்த்தை ஏசலீங்க. பெரிய அதிகாரிக்கே இப்படி வருதாம்டான்னு ஊரெல்லாம் சொல்லுச்சு. நான் எந்திரிக்கிற நேரம் பாத்துக் கஞ்சி வச்சுட்டு உக்காந்திருக்கும்.” சாய்ந்திருந்த ஒரு சைக்கிளை நேராக நிறுத்தினார். “கஞ்சிக்கு நெல்லுதாங்க நம்ம வயல்லேர்ந்து வராம போயிடுச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதற்கும் சொல்லவில்லை. இரண்டும் நடந்தது, இரண்டையும் சொன்னார். என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. மணி ஒன்றுக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “உங்களுக்கு இன்னும் விடலீங்களா?” என்றார். விடவில்லை என்று தலையை ஆட்டினேன். சைக்கிள்களுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த தம் பாயை எடுத்து, தட்டி, நிழல் பார்த்து விரித்தார்.

“பஸ்ஸு வந்தா எழுப்புறேன். படுங்கய்யா. இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

விசேஷத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, ரோட்டில் போகிறவர்களெல்லாம் பார்க்க, அவருடைய பாயில் படுத்தேன். அவருக்கும் அது படுக்கிற நேரம்தான். பாய் ஒன்றுதான் இருந்தது. அவர் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.